ஆரம்பகால ஜெற் போர் விமானங்களும் அவற்றின் கணினி மீளுருவாக்கமும்: ஒரு வரலாற்று நோக்கு

வரலாற்றாசிரியன் கடந்த காலத்தைச் சொற்களாற் கட்டியெழுப்புகின்றான். நூதனசாலை அதனைப் பொருள்களாற் காட்டுகின்றது. கடந்த சில தசாப்தங்களில் இவ்விரண்டினோடும் மூன்றாவது வழியொன்று சேர்ந்துள்ளது. பழைய விமானமொன்றின் நிறை, சிறகின் வடிவம், எஞ்சினின் வலு முதலியவற்றைக் கணிதச் சமன்பாடுகளாக மாற்றிக் கணினியில் அமைத்து, அதன் பறப்பைத் திரையில் மீண்டும் நிகழச் செய்வதே அவ்வழியாகும். பறப்புச் சிமியுலேற்றர் எனப்படும் இந்நிரல்களை வெறும் விளையாட்டென ஒதுக்குவோர் உளர். ஆயினும் அவற்றை ஆக்குவோர் ஒவ்வோர் எண்ணையும் தெரிவு செய்யும்போது வரலாற்று வினாவொன்றுக்கு விடை கூறியே ஆகவேண்டியவராகின்றனர். அவ்வகையில் அவர்களது பணி வரலாற்றெழுத்தின் ஒரு கூறாகக் கொள்ளத்தக்கது. வரலாற்றெழுத்துக்குரிய சோதனைகளுக்கும் உட்படுத்தத்தக்கது.

இச்சோதனைக்கு ஆரம்பகால ஜெற் போர் விமானங்கள் மிகப் பொருத்தமான உரைகல்லாக அமைகின்றன. 1939இல் முதலாவது ஜெற் விமானம் பறந்தது. 1953இற் கொரிய யுத்தம் ஓய்ந்தது. இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடைப்பட்ட பதினான்கு ஆண்டுகளிற் போர் விமானத்தின் கதி ஏறக்குறைய இரு மடங்காயிற்று. இதனால் இவ்விமானங்களின் புகழ் முழுவதும் கதி என்னும் ஓர் எண்ணின் மீதே நிற்கின்றது. ஆனால் அவற்றின் தலைவிதியை நிர்ணயித்தவை அவ்வெண்ணுக்குப் புறம்பான உலோகம், வெப்பம், காலம், மனித உழைப்பு ஆகியனவே. மீளுருவாக்கம் இவற்றுள் எவற்றைக் கைக்கொள்கின்றது, எவற்றைக் கைவிடுகின்றது என்பதே இங்கு ஆராயப்படுவது.

சுழல்விசிறி பூட்டிய விமானங்கள் 1930களின் இறுதியில் தமது எல்லையை நெருங்கிக்கொண்டிருந்தன. விசிறி அலகுகளின் நுனி ஒலியின் கதியை அண்மிக்கும்போது அவற்றின் பயன்றிறன் பெரிதும் குன்றிவிடுகின்றது. உயரத்திற் காற்று ஐதாகும்போது எஞ்சினின் வலுவும் குறைகின்றது. எஞ்சினை மேலும் பெரிதாக்கினால் நிறை கூடுமேயன்றிக் கதி அதே விகிதத்திற் கூடுவதில்லை. இவ்விடர்ப்பாட்டினின்றும் மீள்வதற்கு எஞ்சினின் அடிப்படைத் தத்துவமே மாறவேண்டியிருந்தது.

அம்மாற்றத்தை முதலிற் சிந்தித்தோருள் பிரித்தானிய விமானப்படையின் இளம் அதிகாரியாகிய பிராங் விற்றில் குறிப்பிடத்தக்கவர். குறன்வெல் விமானப்படைக் கல்லூரியில் மாணவராயிருந்தபோது, 1928ஆம் ஆண்டிலேயே, மிகுந்த உயரத்தில் மிகுந்த கதியிற் பறக்கும் விமானங்களைப் பற்றி அவர் கட்டுரை வரைந்தார். 1930 ஜனவரியில் ஜெற் எஞ்சினுக்கான ஆக்கவுரிமைக்கு விண்ணப்பித்தார். 1935இல் அவ்வுரிமையைப் புதுப்பிப்பதற்கு ஐந்து பவுண் கட்டணம் செலுத்தவேண்டியிருந்தது. அதனைச் செலுத்த விமான அமைச்சு முன்வரவில்லை, விற்றிலிடமும் அத்தொகை இருக்கவில்லை, உரிமை காலாவதியாயிற்று. பின்னர் நண்பர் சிலரின் உதவியுடன் 1936இல் பவர் ஜெற்ஸ் என்னும் சிறு கம்பனி தோற்றுவிக்கப்பட்டது. 1937 ஏப்பிரல் 12ஆந் திகதி றக்பி நகரில் அவரது எஞ்சின் முதன்முதலாக இயங்கியது. அது கட்டுக்கடங்காது விரைந்து சுழன்றபோது அருகில் நின்றோர் அஞ்சி ஓடினர் எனக் கூறப்படுகின்றது.

இதே காலத்தில் ஜேர்மனியில் ஹான்ஸ் ஃபொன் ஓகைன் என்னும் பௌதிகவியலாளர் விற்றிலைச் சாராது அதே முடிவுக்கு வந்திருந்தார். கூற்றிங்கன் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்ற அவரை 1936இல் விமான உற்பத்தியாளரான ஏர்ண்ஸ்ற் ஹைங்கல் தம் நிறுவனத்திற் சேர்த்துக்கொண்டார். அவரது எஞ்சினைத் தாங்கிய ஹைங்கல் 178 விமானம் 1939 ஓகஸ்ற் 27ஆந் திகதி எரிக் வார்சிற்ஸ் என்பவராற் செலுத்தப்பட்டு வானேறியது. உலகின் முதலாவது ஜெற் விமானப் பறப்பு இதுவே. இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு அப்பொழுது ஐந்து நாள்களே இருந்தன. விற்றிலின் எஞ்சின் பூட்டிய குளொஸ்ரர் ஈ. 28/39 விமானம் 1941 மே 15ஆந் திகதி குறன்வெல்லிற் பறந்தது. சிந்தனையில் முந்தியவர் செயலிற் பிந்தியமைக்குக் காரணம் அறிவுக் குறைபாடன்று. ஆதரவுக் குறைபாடே என்பது இதனாற் புலனாகும்.

ஜெற் எஞ்சினின் தத்துவம் எளிமையானது. முன்புறத்தில் உட்புகும் காற்றை அமுக்கியொன்று நெருக்குகின்றது. நெருக்கப்பட்ட காற்றுடன் எரிபொருள் கலந்து தகன அறையில் எரிகின்றது. எரிந்த வாயு பின்புறமாகப் பாயும் வழியிற் சுழலியொன்றைச் சுற்றிவிடுகின்றது. அச்சுழலியே முன்னுள்ள அமுக்கியை இயக்குகின்றது. எஞ்சிய வாயு வெளியே பீறிடும்போது விமானம் முன்னோக்கி உதைக்கப்படுகின்றது. தத்துவம் எளிமையாயினும் அதனைத் தாங்கவேண்டிய உலோகத்தின் நிலை எளிமையானதன்று. சுழலியின் அலகுகள் செங்கனலாகக் காய்ந்த நிலையில் நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை சுழலவேண்டும். அவ்வெப்பத்திற் சாதாரண உருக்கு மெல்ல மெல்ல நீளும். நீண்ட அலகு கூட்டில் உரசும். அல்லது முறிந்து எஞ்சினையே சிதைக்கும். எனவே ஆரம்பகால ஜெற் விமானத்தின் வரலாற்றை வெப்பந்தாங்கும் உலோகத்தின் வரலாறு எனக் கூறினும் பொருந்தும்.

பிரித்தானியருக்கு நிக்கல் கிடைத்தது. அதனை அடிப்படையாகக் கொண்டு 1940களின் தொடக்கத்தில் உருவாக்கப்பட்ட நிமோனிக் என்னும் கலப்புலோகம் அவர்தம் சுழலிகளைக் காத்தது. ஜேர்மனிக்கோ யுத்த முற்றுகையினால் நிக்கல், குரோமியம், கோபால்ற்று ஆகியன அரிதாகிவிட்டன. யுங்கர்ஸ் நிறுவனத்தில் அன்செல்ம் பிரான்ஸ் தலைமையில் ஆக்கப்பட்ட யூமோ 004 எஞ்சின் இவ்வறுமையிற் பிறந்த ஒன்றாகும். அதன் தகன அறைகள் அலுமினியம் பூசிய மென்னுருக்காற் செய்யப்பட்டன. பிற்பட்ட எஞ்சின்களின் சுழலி அலகுகள் உள்ளே வெறுமையாக அமைக்கப்பட்டுக் காற்றாற் குளிர்விக்கப்பட்டன. அக்காலத்து அறிவைக் கொண்டு நோக்கின் இது வியக்கத்தக்க சாதனையே. ஆயினும் அதன் ஆயுள் 10 தொடக்கம் 25 மணித்தியாலங்கள் மாத்திரமே.

இவ்வெஞ்சின்கள் இரண்டைத் தாங்கியதே மெசர்ஸ்மிற் 262 ஆகும். எஞ்சினுக்கு முன்னரே விமானவுடல் தயாராகிவிட்டமையால் 1941 ஏப்பிரலில் அது மூக்கிற் பூட்டிய சாதாரண சுழல்விசிறி எஞ்சினுடனேயே பறக்கவேண்டியிருந்தது. 1942 மார்ச்சில் ஜெற் எஞ்சின்கள் இரண்டும் சேர்க்கப்பட்டுப் பறந்தபோது அவை இரண்டும் வானிற் செயலிழந்தன. கழற்றப்படாதிருந்த சுழல்விசிறியே விமானியைக் காப்பாற்றியது. 1942 ஜூலை 18ஆந் திகதி லைப்பைம் ஓடுபாதையிலிருந்து பிரிற்ஸ் வென்டல் ஜெற் எஞ்சின்களை மாத்திரம் நம்பி வானேறினார். அன்று விமானத்தின் வாற்பகுதி நிலத்திற் படிந்திருந்தமையாற் காற்றோட்டம் சுக்கானை எட்டவில்லை. ஓடுபாதையில் விரைந்துகொண்டிருக்கும்போதே பிறேக்கை மெல்ல அழுத்தி வாலை உயர்த்தி அவர் எழும்பவேண்டியதாயிற்று. இக்குறை பின்னர் மூக்குச் சில்லு பொருத்தப்பட்டதால் நீங்கியது.

மெசர்ஸ்மிற் 262 மணிக்கு ஏறக்குறைய 870 கிலோமீற்றர் கதியிற் பறந்தது. நேச நாடுகளின் சிறந்த விமானங்களுள் ஒன்றாகிய மஸ்ராங்கின் கதி ஏறக்குறைய 700 கிலோமீற்றராகும். மூக்கில் நான்கு 30 மில்லிமீற்றர் பீரங்கிகள் இருந்தன. எண்களை மாத்திரம் நோக்குவோர்க்கு இது வெல்லற்கரிய கருவியாகவே தோன்றும். ஆயின் விமானிகள் அறிந்த மெசர்ஸ்மிற் வேறு. எஞ்சினின் வலுவைக் கூட்டும் நெம்பை விரைந்து தள்ளினால் எரிபொருள் மிகுந்து எஞ்சின் தீப்பற்றும். விரைந்து இழுத்தால் அணைந்துவிடும். தரையிறங்க வரும்போது கதி குறைந்த விமானம் மீண்டும் கதி பெறுவதற்கு நீண்ட நேரம் பிடிக்கும். இதனை அறிந்த நேச நாட்டு விமானிகள் வானில் அதனைத் துரத்துவதை விடுத்து, ஓடுபாதைகளுக்கு மேலே காத்திருக்கத் தலைப்பட்டனர். முதலாவது ஜெற் போர்ப் பிரிவுக்குத் தலைமை தாங்கிய வால்ரர் நொவொற்னி 1944 நவம்பர் 8ஆந் திகதி ஆக்மர் தளத்துக்கு அண்மையில் வீழ்ந்து மாண்டார்.

யுத்தத்தின் பின்னர் இவ்விமானத்தைப் பற்றி ஓர் ஐதிகம் வளர்ந்தது. ஹிற்லர் இதனைக் குண்டுவீச்சு விமானமாக்கப் பணித்ததாலேயே காலம் வீணாயிற்று என்றும், அன்றேல் வான்யுத்தத்தின் போக்கே மாறியிருக்கும் என்றும் அது கூறும். அப்பணிப்பு நிகழ்ந்தது உண்மை. ஆனால் யூமோ எஞ்சின் பெருந்தொகையாக உற்பத்தியானது 1944ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலேயே ஆகும். எஞ்சின் இல்லாத விமானத்தை எவர் பணித்தும் பறக்கச் செய்ய முடியாது. மொத்தமாக 1,400இற்கும் மேற்பட்ட விமானங்கள் கட்டப்பட்டபோதிலும், எரிபொருளும் எஞ்சினும் பயிற்சி பெற்ற விமானிகளும் இன்மையால் அவற்றுட் சிறுபகுதியே போரிற் கலந்துகொண்டது. தாமதத்தின் வேர் ஆணையில் மாத்திரமன்றி உலோகத்திலும் இருந்தது என்பதே ஆய்வாளர் பலர் ஏற்கும் முடிபாகும்.

ஏனைய நாடுகளின் அனுபவமும் இதனையே வலியுறுத்துகின்றது. பிரித்தானியரின் குளொஸ்ரர் மீற்றியோர் 1944 ஜூலையிற் சேவைக்கு வந்தது. அது மெசர்ஸ்மிற்றை வானில் ஒருபோதும் சந்திக்கவில்லை. ஆளில்லாப் பறக்கும் குண்டுகளைத் துரத்துவதே அதன் முதற் பணியாயிற்று. ஓகஸ்ற் 4ஆந் திகதி துப்பாக்கிகள் இயங்க மறுத்தபோது மீற்றியோர் விமானியொருவர் தம் சிறகினாற் குண்டின் சிறகைப் புரட்டி அதனை வீழ்த்தினார். ஐக்கிய அமெரிக்காவின் பி-80 விமானம் 143 நாள்களில் உருவாக்கப்பட்டு 1944 ஜனவரி 8ஆந் திகதி பறந்தது. அதே ஆண்டு ஒக்ரோபரில் எரிபொருட் பம்பி பழுதுற்றதால் அதன் சோதனை விமானி மிலோ பேர்ச்சம் உயிரிழந்தார். 1945 ஓகஸ்ற் 6ஆந் திகதி, ஹிரோஷிமா அழிந்த அதே நாளில், அமெரிக்க விமானிகளுள் அதிக வெற்றிகளை ஈட்டிய றிச்சர்ட் பொங் அதே வகைப் பழுதினால் மாண்டார். துணைப் பம்பி இயக்கப்பட்டிருக்கவில்லை எனக் கருதப்படுகின்றது. நாற்பது விமானங்களை வீழ்த்தியவரின் உயிர் ஓர் ஆளியிற் தங்கியிருந்தது.

ஜேர்மனியின் ஹைங்கல் 162 அவசரத்தின் விளைவை இன்னும் தெளிவாகக் காட்டும். சில மாதங்களுள் வரையப்பட்டு 1944 டிசெம்பர் 6ஆந் திகதி பறந்த இவ்விமானத்தின் சிறகுகள் மரத்தாலானவை. நம்பத்தக்க பசையை ஆக்கிய தொழிற்சாலை குண்டுவீச்சில் அழிந்துபோனமையாற் பதிலாக வேறொரு பசை பயன்படுத்தப்பட்டது. அதிலிருந்த அமிலம் மரத்தை அரித்தது. முதற் பறப்பு நிகழ்ந்து நான்காம் நாள் பார்வையாளர் முன்னிலையிற் சிறகு பிரிந்து விமானி மாண்டார்.

யுத்தம் முடிந்தபின் ஜேர்மனியரின் ஆவணங்களும் விமானங்களும் வெற்றியாளர் கைக்கு வந்தன. பின்னோக்கிச் சாய்ந்த சிறகு உயர்கதிக்கு உகந்தது என்னும் கருத்தை அடோல்ப் பூசெமான் 1935இல் றோமாபுரி மாநாட்டிலேயே வெளியிட்டிருந்தார். மெசர்ஸ்மிற்றின் சிறகு சிறிதளவே சாய்ந்திருந்தது. அச்சாய்வும் முதலில் நிறைச்சமநிலையைச் சரிசெய்வதற்காகவே அமைந்தது. அக்கருத்தை முழுமையாகப் பயன்படுத்தியவை அமெரிக்காவின் எப்-86 சேபரும் சோவியத் ஒன்றியத்தின் மிக்-15உம் ஆகும். இரண்டும் 1947இற் பறந்தன. இரண்டினதும் சிறகுகள் 35 பாகை சாய்ந்தவை. மிக்-15இன் எஞ்சின் பிரித்தானியாவின் றோல்ஸ் றொய்ஸ் நீன் எஞ்சினை அடியொற்றியது. 1946இல் அற்லி அரசாங்கம் அவ்வெஞ்சின்களைச் சோவியத்துக்கு விற்க இசைந்தது. யூமோவின் உதைப்பு ஏறக்குறைய 900 கிலோகிராம். நீனினது ஏறக்குறைய 2,270 கிலோகிராம். நான்கே ஆண்டுகளில், பிரித்தானிய வீரரும் ஐக்கிய நாடுகள் சபையின் கொடியின்கீழ்ப் போரிட்ட கொரியக் களத்தில், அவ்வெஞ்சினின் வழிவந்த விமானங்கள் எதிர்ப்பக்கத்திற் பறந்தன. 1971இல் இலங்கை விமானப்படைக்குச் சோவியத் ஒன்றியத்திலிருந்து வந்த மிக்-17 விமானங்கள் இம்மரபின் நேர் வழித்தோன்றல்கள் என்பது இலங்கை வாசகர் அறிந்துகொள்ளத்தக்கது.

1950 நவம்பரில் யாலு நதியோரத்தில் மிக்-15 தோன்றியது. டிசெம்பரில் சேபர் அதனை எதிர்கொண்டது. மிக் இலகுவானது, விரைந்து மேலேறவல்லது, ஒரு 37 மில்லிமீற்றர் பீரங்கியும் இரண்டு 23 மில்லிமீற்றர் பீரங்கிகளும் கொண்டது. சேபரிடம் 12.7 மில்லிமீற்றர் இயந்திரத் துப்பாக்கிகள் ஆறே இருந்தன. ஆனால் அதன் கட்டுப்பாடு ஒலியின் கதியை அண்மிக்கும்போதும் உறுதியாயிருந்தது. அதன் விமானிகள் அமுக்க உடையும் அணிந்திருந்தனர். ஒரு சேபருக்குப் பத்து மிக் வீழ்ந்தன என்று அமெரிக்கர் நெடுங்காலம் கூறிவந்தனர். சோவியத் ஆவணங்கள் திறக்கப்பட்டபின் அவ்விகிதம் பெரிதும் குறைத்து மதிப்பிடப்படுகின்றது. 1953 செப்ரெம்பர் 21ஆந் திகதி வடகொரிய விமானி நோ கும்-சொக் மிக்-15 ஒன்றைக் கிம்போ தளத்திற் கொணர்ந்து இறக்கினார். அமெரிக்கர் அதனை ஒக்கினாவாவிற் பறந்து சோதித்தனர். ஒலியின் கதியில் நூற்றுக்கு 92 பங்கை எட்டியதும் அதன் வேகத்தடைகள் தாமாகவே விரியும் என்பது போன்ற நுண்செய்திகளை அவர்கள் நேரிற் பறந்தே உறுதிப்படுத்திக்கொண்டனர்.

மேற்கூறிய செய்திகளே மீளுருவாக்கம் செய்வோர்க்கு மூலங்களாகின்றன. பறப்பைத் தரையிற் போலச் செய்யும் முயற்சியும் ஜெற் விமானத்துக்கு முந்தியதே. நியூயோர்க் மாநிலத்தில் வாத்தியக் கருவிகள் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த எட்வின் லிங் என்பவர் 1929இல், ஓர்கன் வாத்தியத்தின் காற்றுத் துருத்திகளைக் கொண்டு அசையும் பயிற்சிப் பொறியொன்றை அமைத்தார். முதலில் அதனைக் களியாட்டப் பூங்காக்களே வாங்கின. 1934இல் தபால் ஏற்றிச் சென்ற அமெரிக்கப் படை விமானிகள் பலர் மோசமான வானிலையில் மாண்டபின்னரே படையினர் அதனை நாடினர். களியாட்டப் பொருள் உயிர்காக்கும் கருவியாக மாறிய வரலாறு இது. கணினி வளர்ச்சி இதனை மீண்டும் வீடுகளுக்குக் கொணர்ந்தது. 1991இல் வெளிவந்த நிரல்கள் சிலவற்றிலேயே மெசர்ஸ்மிற் 262உம் சேபரும் மிக்கும் இடம்பெற்றன. 1999இல் கொரிய வான்யுத்தத்துக்கெனவே மிக் அலி என்னும் நிரல் வெளியாயிற்று. மொஸ்கோவில் ஆக்கப்பட்ட இல்-2 ஸ்ரூர்மொவிக் வரிசையின் 2006ஆம் ஆண்டுத் தொகுப்பு ஆரம்பகால ஜெற் விமானங்கள் பலவற்றை ஒருங்கே தந்தது.

இந்நிரல்களின் உள்ளே நிகழ்வது யாதெனின், தூக்கல், இழுவை, உதைப்பு, நிறை ஆகிய நான்கு விசைகளையும் கணினி ஒரு செக்கனிற் பலமுறை மீண்டும் மீண்டும் கணித்து விமானத்தின் நிலையைத் தீர்மானிப்பதாகும். கணிப்புக்கு எண்கள் வேண்டும். எண்கள் ஆவணங்களிலிருந்து வரவேண்டும். ஆவணங்களோ தம்முள் முரண்படுவன. உற்பத்தியாளரின் அறிக்கை எதிர்பார்ப்பை எண்ணாக்கியிருக்கும். கைப்பற்றிய விமானத்தைச் சோதித்தோரின் அறிக்கை தேய்ந்த எஞ்சினின் குறையை விமானத்தின் குறையாகக் கூறியிருக்கும். விமானிகளின் நினைவுக் குறிப்புகள் அச்சத்தையும் பெருமிதத்தையும் சேர்த்தே பதிந்திருக்கும். பல ஏட்டுப் பிரதிகளின் பாடபேதங்களை ஒப்புநோக்கி மூலபாடத்தைத் துணியும் சுவடிப் பதிப்பாசிரியனின் நிலையே இங்கு நிரலாசிரியனின் நிலையுமாகும். பதிப்பாசிரியன் தன் துணிபை அடிக்குறிப்பில் நியாயப்படுத்துவான். நிரலாசிரியனின் துணிபோ திரைக்குப் பின்னால் மறைந்துவிடுகின்றது. பறப்பவனுக்கு அது விமானத்தின் இயல்பாகவே தோன்றுகின்றது.

இவ்விடத்தில் மீளுருவாக்கத்தின் பயனையும் ஏற்றுக்கொள்ளல் வேண்டும். நெம்பை விரைந்து தள்ளினால் எஞ்சின் தீப்பற்றும் என்பதை நூலிற் படிப்பது ஒன்று; எதிரி பின்னால் நெருங்கும் வேளையில் அந்நெம்பை மெல்லத் தள்ளவேண்டியிருப்பதை உணர்வது மற்றொன்று. யூமோவின் இக்குறையை உண்மையாகக் காட்டும் நிரலிற் பறப்பவன், நொவொற்னியின் பிரிவினர் ஓடுபாதைக்கு மேலே ஏன் மாண்டனர் என்பதைப் பக்கக்கணக்கான விளக்கமின்றியே அறிவான். பொங் மறந்ததாகக் கருதப்படும் ஆளியைத் தானும் ஒருமுறை மறப்பவன், அனுபவமிக்க விமானியும் தவறக்கூடும் என்பதை ஒப்புக்கொள்வான். குறையைக் காட்டும் மீளுருவாக்கமே வரலாற்றைக் காட்டுகின்றது எனலாம்.

ஆனால் குறைகள் யாவும் காட்டப்படுவதில்லை. நிரலில் ஒவ்வொரு பறப்பும் புதிய எஞ்சினுடன் தொடங்குகின்றது. பத்தாவது மணித்தியாலத்தில் நீண்டுகொண்டிருக்கும் சுழலி அலகு அங்கு இல்லை. சிறகைப் பிணைத்த பசை அங்கு அரிப்பதில்லை. எரிபொருட் தாங்கி நிரம்பியே இருக்கின்றது. இதன் விளைவாக, விமானம் உற்பத்தியாளர் விரும்பியவாறு பறக்கின்றது, வரலாற்றிற் பறந்தவாறன்று. மெசர்ஸ்மிற்றை முன்னரே பறக்கவிட்டிருந்தால் யுத்தம் மாறியிருக்கும் என்னும் ஐதிகம் இங்கேதான் புத்துயிர் பெறுகின்றது. உலோகத்தின் வறுமையை நீக்கிவிட்டு விமானத்தை மாத்திரம் வைத்துக்கொண்டால் எவ்வளவோ நிகழ்ந்திருக்கக்கூடும். ஆனால் அவ்வறுமையே அவ்விமானத்தைப் பெற்றெடுத்தது. ஒன்றை நீக்கி மற்றதைப் பெறவியலாது.

இவ்விடர்ப்பாடு கணினிக்கு மாத்திரம் உரியதன்று என்பதையும் கூறல் வேண்டும். ஐக்கிய அமெரிக்காவில் மெசர்ஸ்மிற் 262 விமானங்கள் சில பழைய மாதிரியைப் பின்பற்றிப் புதிதாகக் கட்டப்பட்டன. அவற்றுள் முதலாவது 2002 டிசெம்பரிற் பறந்தது. ஆணிவரை பழமையைப் பேணிய அவ்வாக்குநர் எஞ்சின் விடயத்தில் மாத்திரம் பழமையைக் கைவிட்டனர். யூமோவின் வடிவிலமைந்த கூட்டினுள்ளே பிற்காலத்து ஜெனரல் எலெக்ரிக் எஞ்சின் மறைந்திருந்தது. உயிரைப் பணயம் வைக்க விரும்பாத எவரும் அவ்வாறே செய்வர். உலோகத்தாற் கட்டியவர்களும் சமன்பாடுகளாற் கட்டியவர்களும் ஒரே இடத்திலேயே வரலாற்றிலிருந்து விலகினர் என்பது சிந்தனைக்குரியது.

எஞ்சினின் ஆயுளையாவது முயன்றால் எண்ணாக்கலாம். எண்ணாக்க முடியாத ஒன்றும் உண்டு. 1944இல் ஜேர்மனியத் தொழிற்சாலைகள் குண்டுவீச்சுக்குத் தப்ப நிலத்தினுள்ளே புகுந்தன. ஒஸ்திரியாவில் சென்ற் ஜோர்ஜன் என்னும் ஊரருகே, மௌத்தௌசன் வதைமுகாமின் கிளையாகிய கூசன் முகாமின் கைதிகள் பாறையைக் குடைந்து சுரங்கங்கள் அமைத்தனர். அச்சுரங்கங்களிலேயே மெசர்ஸ்மிற் 262இன் உடற்பகுதிகள் கட்டப்பட்டன. போலந்தினர், சோவியத் நாட்டினர், இத்தாலியர், யூதர் எனப் பல இனத்தினராகிய அக்கைதிகளுள் ஆயிரக்கணக்கானோர் பசியாலும் நோயாலும் அடியாலும் மடிந்தனர். தூரிங்கியாவில் காலா நகருக்கு அண்மையிலுள்ள குன்றொன்றினுள்ளேயும் கட்டாயத் தொழிலாளர் இவ்விமானத்தைப் பூட்டினர்; கட்டிமுடிந்தவை குன்றின் உச்சியில் அமைத்த ஓடுபாதையிலிருந்து பறந்து சென்றன. வெப்பந்தாங்கும் உலோகம் இல்லாத அரசு, குறைந்த உலோகத்தால் விரைந்து செய்யக்கூடிய எஞ்சினை வரைந்தது. அவ்விரைவுக்கு வேண்டிய கைகளை வதைமுகாமிலிருந்து பெற்றது. எஞ்சினின் ஆயுட்குறைவும் தொழிலாளரின் ஆயுட்குறைவும் ஒரே கணக்கின் இரு பக்கங்களாகும்.

திரையிற் தோன்றும் விமானத்தின் மேற்பூச்சு, இலக்கம், ஆணி வரிசை யாவும் புகைப்படங்களோடு ஒப்பிட்டுத் திருத்தப்படுகின்றன. அவ்வாணிகளை அடித்த கைகளைப் பற்றிய குறிப்பு நிரலோடு வரும் கையேட்டில் அரிதாகவேனும் காணப்படுமாயின் நன்று. இது நிரலாசிரியரை மாத்திரம் குறைகூறுவதன்று. விமானங்களைப் பற்றி அச்சில் வந்த நூல்கள் பலவும் நெடுங்காலம் கதியையும் உயரத்தையும் வெற்றிக் கணக்கையுமே பேசின. எண்களைத் தந்த நூல்களிலிருந்து எண்களைப் பெற்ற நிரல்கள், நூல்கள் விடுத்தவற்றைத் தாமும் விடுத்தன. மூலத்தின் மௌனம் வழிநூலிலும் தொடர்வது இயல்பே.

முடிவாக நோக்குமிடத்து, ஆரம்பகால ஜெற் விமானங்களின் மீளுருவாக்கம் பயனற்றதென்றோ தீங்கானதென்றோ கொள்ளவேண்டியதில்லை. பழைய விமானமொன்று எவ்வாறு பறந்தது என்னும் வினாவுக்கு அது நூலினும் சிறந்த விடையைத் தரவல்லது. ஏன் அவ்வாறு பறந்தது, எதனாற் கட்டப்பட்டது, எவராற் கட்டப்பட்டது என்னும் வினாக்களுக்கு அது தானாக விடை தராது. முதலாவது வினாவின் விடையிற் கிடைக்கும் இன்பம் ஏனைய வினாக்களை மறக்கச் செய்யாதிருத்தல் வேண்டும். மெசர்ஸ்மிற் 262இன் கதி மணிக்கு 870 கிலோமீற்றர் என்று கற்பவன், அதன் எஞ்சினின் ஆயுள் 25 மணித்தியாலத்துக்கு மேற்படவில்லை என்பதையும், அதன் உடல் கூசன் சுரங்கத்திற் பிறந்தது என்பதையும் சேர்த்துக் கற்கவேண்டும். அம்மூன்றையும் ஒருங்கே அறிபவனே அவ்விமானத்தை அறிந்தவனாவான்.